வெட்டச் சொன்ன நான்கு நிமிடங்கள்

என் தோழிக்கு ஏதாவது நல்லது நடந்தால் எனக்கு முதலில் தாடைதான் வலிக்கும். பல்லைக் கடித்துக்கொண்டே சிரிப்பதால் வருகிற வலி. இதைப் புரிந்துகொள்ளவே எனக்குச் சில வருடங்கள் ஆயின. ஒருமுறை பல் டாக்டரிடம்கூடப் போனேன். "தூக்கத்துல பல்லைக் கடிப்பீங்களாம்மா?" என்று கேட்டார். முழித்துக்கொண்டிருக்கும்போதுதான் கடிக்கிறேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? தலையை ஆட்டிவிட்டு மாத்திரை வாங்கிக்கொண்டு வந்தேன்.

நாங்கள் இருவரும் ஒரே வாரத்தில் ஒரே அனிமேஷன் ஸ்டூடியோவில் வேலைக்குச் சேர்ந்தோம். கிண்டிப் பக்கம் இருந்தது அது. வெளிநாட்டுக்காரர்கள் அனுப்புகிற கார்ட்டூன் தொடர்களுக்கு வரைந்து கொடுப்பதுதான் வேலை. எனக்குச் செங்கல்பட்டு. அப்பா தாலுகா ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்றவர். அவளுக்குச் சதுரங்கப்பட்டினம். அப்பா கடலுக்குப் போகிறவர், அம்மா கூடையில் மீன் விற்கிறவர். காலையில் அவள் ஒரு மணி நேரம் பஸ்ஸில் வந்து செங்கல்பட்டில் இறங்கி, என்னோடு மின்சார ரயிலில் லேடீஸ் பெட்டியில் ஏறுவாள். ஜன்னலோரம் இடம் பிடித்து வைப்பது என் வேலை. உட்கார்ந்ததும் தூங்குவது அவள் வேலை.

நான் ரயிலில் நோட்டை விரித்து எதிரில் இருப்பவர்களை வரைவேன். கூடையோடு உட்கார்ந்திருக்கிற பூக்காரம்மாவைப் பார்த்துப் பார்த்து வரைவேன். எலும்பு, தோள், புடவை மடிப்பு எல்லாம் சரியாக இருக்கும். சிங்கப்பெருமாள் கோயில் வந்ததும் அவள் கண்ணைத் திறப்பாள். என் நோட்டை வாங்கி ஓரத்தில் நாலு கோடு போடுவாள். பூக்காரம்மா அதில் கொட்டாவி விடப்போகிறாள் என்று தெரியும். அந்தக் கொட்டாவியை அவள் அடக்கிக்கொண்டிருக்கிறாள் என்றுகூடத் தெரியும்.

"எப்படிடி?" என்று கேட்பேன்.

"இன்னா எப்படி? அந்தம்மா அப்படித்தான குந்திகினு கீது" என்பாள். மறுபடியும் தூங்கிவிடுவாள்.

அதனால் வேறொரு ஸ்டூடியோவில் என்னைப் பெரிய பொறுப்புக்கு எடுத்தபோது எனக்கு இருந்த சந்தோஷம் இரட்டைச் சந்தோஷம். ஒன்று என் சந்தோஷம். இன்னொன்று, அவளை எடுக்கவில்லை என்ற சந்தோஷம்.

விஷயம் இதுதான். மனை வியாபாரம் செய்துகொண்டிருந்த ஒருவர் சொந்தமாக ஒரு முழு நீள அனிமேஷன் படம் எடுக்க வந்தார். மாமல்லபுரத்துப் பாறையில் செதுக்கிய யானைக்குட்டி ஒன்று உயிர் பெற்று எழுந்து, கடலில் மூழ்கிப்போன கோயிலைத் தேடிப் போகிறது. அதுதான் கதை. பழைய மகாபலிபுரம் சாலையில் கண்ணாடிக் கட்டடம், புதுக் கம்ப்யூட்டர்கள், இருநூறு பேர். ஸ்டோரிபோர்டு பிரிவுக்கு என்னைப் பொறுப்பாக எடுத்தார்கள். ஒவ்வொரு காட்சியும் எப்படி வரவேண்டும் என்று முதலில் பென்சிலில் கட்டம் கட்டமாக வரைந்து காட்டுகிற பிரிவு அது. மொத்தப் படமும் எங்கள் மேஜையிலிருந்துதான் புறப்படவேண்டும்.

தேர்வுக்கு அவளும் வந்திருந்தாள். அவளை எடுக்கவில்லை. ரயிலில் அவளுக்கு ஆறுதல் சொன்னேன். "அவங்களுக்கு வேற மாதிரி ஸ்டைல் வேணுமாம். உன் மேல தப்பில்லடி." இப்படிச் சொல்லும்போது எனக்கு உள்ளே இனித்தது. இதை இப்போது எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஆனால் இனித்தது.

ஆறு மாதம் கழித்து அவள் பழைய ஸ்டூடியோவையும் விட்டுவிட்டாள். சொந்தமாகப் படம் பண்ணப்போவதாகச் சொன்னாள்.

"முழுப் படமா?"

"முழுப் படம்தான். ஒண்ணேகால் மணி நேரம் வரும்."

"எத்தனை பேரு?"

"என்னச் சேத்து அஞ்சு பேரு. எங்க வூட்டு மாடில."

நான் சிரித்தேன். வாய்விட்டே சிரித்தேன். அவளும் சிரித்தாள். அவளுடைய சிரிப்பு வேறு என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

அவள் கதை ஒரு மீன்காரம்மாவும் அவள் மகளும். கூடை நாறுகிறது என்று பஸ்ஸில் ஏற்ற மறுக்கிறார்கள். அம்மாவுக்குக் காலில் அடி. மகள் கூடையைத் தலையில் தூக்கிக்கொண்டு திருக்கழுக்குன்றம் வரைக்கும் நடந்தே போகிறாள். வழியெல்லாம் ஒவ்வொரு ஊரிலும் பூனைகள் பின்னால் சேர்ந்துகொண்டே வருகின்றன. கடைசியில் பூனைகளின் ஊர்வலம். இதை யார் பார்ப்பார்கள் என்று நினைத்தேன். எங்கள் படத்தில் கடலடிக் கோயில் இருந்தது. அவளிடம் பூனை இருந்தது.

எங்கள் தயாரிப்பாளரைப் பற்றிக் கெட்டதாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நல்ல மனிதர். யானைக்குட்டி முதன்முதலாகக் காதை ஆட்டிய அந்த மூன்று விநாடிச் சோதனைக் காட்சியைப் பார்த்து அழுதுவிட்டார். எங்கள் எல்லோருக்கும் அன்று பிரியாணி. குறை அவரிடம் மட்டும் இல்லை. குறை கதையில் இருந்தது. அது எனக்கு முதல் மாதமே தெரியும். யானை கடலுக்குள் போய்க் கோயிலைக் கண்டுபிடித்துவிடுகிறது. சரி, அப்புறம்? கோயிலைப் பார்த்த யானை என்ன செய்யும்? அது யாருக்கும் தெரியவில்லை.

ஒரு நாள் கூட்டத்தில் இயக்குநரே அதைக் கேட்டார். தயாரிப்பாளர், "அதை அப்புறம் பார்த்துக்கலாம் சார். தண்ணி பண்றதுக்குத்தான் ரொம்ப நாள் ஆகுமாம். முதல்ல தண்ணியை ஆரம்பிச்சிடுங்க" என்றார். வெளியாகும் தேதியை ஏற்கெனவே அறிவித்திருந்தார்கள். பிறகு மேஜையைச் சுற்றி ஒவ்வொருவராகப் பார்த்து, "கதை எப்படி இருக்கு? மனசு விட்டுச் சொல்லுங்க" என்று கேட்டார். என் முறை வந்தது.

"சூப்பர் சார்" என்றேன்.

அப்போது சொல்லியிருக்கலாம். பென்சிலில் இருக்கும்போது ஒரு காட்சியை மாற்ற ஒரு நாள் போதும். தண்ணீர், வெளிச்சம், யானையின் தோல் எல்லாம் செய்து முடித்த பிறகு அதே காட்சியை மாற்ற மூன்று மாதம். இது இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் நாங்கள் இருபது பேர் உட்கார்ந்து சூப்பர் என்று சொன்னோம். பொறுப்பு போய்விடுமோ என்று பயம் எனக்கு.

எட்டு மாதம் தண்ணீர் செய்தார்கள். அருமையான தண்ணீர். அதற்குள் தயாரிப்பாளர் வேறு ஏதோ ஒரு படத்தைப் பார்த்துவிட்டு வந்து, யானை பேசவேண்டும் என்றார். வாயை மறுபடியும் செய்தோம். பேசுகிற யானை வேண்டாம் என்று இயக்குநர் சண்டை போட்டுவிட்டுப் போய்விட்டார். அடுத்த இயக்குநர் வந்தார். அவர் யானைக்கு ஒரு குரங்கு நண்பன் வேண்டும் என்றார். பிறகு ஒரு பெரிய நகைச்சுவை நடிகர் குரல் கொடுக்கச் சம்மதித்தார். அவருக்காகக் குரங்குக்கு வசனம் கூடியது, யானைக்குக் குறைந்தது. படத்தின் முடிவை மட்டும் நான் பதினோரு தடவை வரைந்தேன். பதினோரு தடவையும் பாராட்டினார்கள். பதினோரு தடவையும் மாற்றினார்கள்.

இத்தனையிலும் எனக்கு ஒரே ஒரு நிம்மதி. அவள் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. ஒரு வருடத்துக்கு மேல் ஆகியும் அவள் படத்தில் ஒரு காட்சிகூட முடியவில்லை என்று பழைய ஸ்டூடியோக்காரர்கள் சொல்லிச் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். உண்மையில் அவள் செய்துகொண்டிருந்தது அனிமேட்டிக். பென்சில் படங்களை வரிசையாகக் கோர்த்து, பேச்சையும் சத்தத்தையும் மட்டும் சேர்த்து ஓடவிடுகிற கச்சாப் படம் அது. அதை ஊரில் பஞ்சாயத்துப் பள்ளிக்கூடத்தில் போட்டுக் காட்டுவாளாம். மீன் ஏலம் விடுகிற கொட்டகையில் காட்டுவாளாம். படத்தைப் பார்க்காமல் பார்ப்பவர்களையே பார்த்துக்கொண்டு நோட்டில் எழுதுவாளாம்.

"எந்த நிமிசத்துல பசங்க ஜன்னலப் பாக்குதுங்கன்னு எழுதுவேன்" என்று போனில் சொன்னாள். "அந்த இடத்த வூட்டுக்கு வந்து அழிச்சிடுவேன். அவ்ளோதான்டி. வரைய வரைய அழிச்சிகினு கீறேன்."

எங்கள் படத்தின் மூன்றாம் வருடம். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூப்பிட்டாள். "இதுதான் கடைசி. இதுக்கு மேல மாத்த மாட்டேன். நாளைலேர்ந்து கலர்ல போறோம். நீ பெரிய படத்துல கீற. நீ ஒரு வாட்டி பாத்துட்டுச் சொல்லு."

பஸ்ஸில் போனேன். பழைய டச்சுக் கோட்டைக்குப் பின்பக்கம், கடலைப் பார்த்த தெருவில் அவள் வீடு. மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை, இரண்டு மின்விசிறி, ஐந்து மேஜை. அவளுடைய ஆட்கள் நான்கு பேரும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவள் அம்மா அப்போதுதான் வியாபாரம் முடித்து வந்தவர், கூடையை வாசலிலேயே வைத்துவிட்டு எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். "நீ குந்துமா. ரயில்ல என் பொண்ணுக்கு எடம் புடிச்சித் தந்தது நீதானே?" என்றார். பிறகு தானும் சுவரோரம் உட்கார்ந்தார்.

படம் ஓடியது. பென்சில் கோடுதான். நிறம் இல்லை, தண்ணீர் இல்லை, வெளிச்சம் இல்லை. முதல் பத்து நிமிடத்தில் நான் அது பென்சில் கோடு என்பதை மறந்துவிட்டேன்.

பாதிக்கு மேல், மகள் நடந்துகொண்டே பழையதை நினைத்துப் பார்க்கிற ஒரு காட்சி வந்தது. மகளுடைய பள்ளிக்கூடத்தில் பெற்றோரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அம்மா போகவேண்டும். போவதற்கு முன்னால் மீன் வாடை போகக் குளிக்கிறாள். கிணற்றடியில் புடவையோடு உட்கார்ந்து சீயக்காய் போடுகிறாள். கையை முகர்ந்து பார்க்கிறாள். எலுமிச்சம்பழத் தோலால் விரல் இடுக்கெல்லாம் தேய்க்கிறாள். மறுபடியும் முகர்கிறாள். மறுபடியும் தேய்க்கிறாள். ஒரு வார்த்தை இல்லை. நான்கு நிமிடம். கடைசியில் கையை முகராமலே மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருக்கிறாள்.

நான் திரும்பிப் பார்த்தேன். அவள் அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டிருந்தார்.

அந்த நிமிடத்தில் எனக்கு வந்ததைப் பொறாமை என்று ஒரே சொல்லில் சொன்னால் போதாது. இருநூறு பேர் மூன்று வருடம் செய்த படத்தில் இல்லாத ஒன்றை இவள் ஒரு பென்சிலால் செய்துவிட்டாள். இந்த ஜென்மத்தில் எனக்கு இது வராது. நான் எலும்பையும் தோளையும் சரியாகப் போட்டுக்கொண்டே கிழவியாகிவிடுவேன். இப்படியெல்லாம் தோன்றிக்கொண்டிருக்கும்போது படம் முடிந்துவிட்டது. அவள் அம்மா சாப்பாடு எடுத்து வைக்கக் கீழே போனார். மற்ற எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"எப்படிடி கீது?"

"நல்லா இருக்கு" என்றேன். "பூனைங்க ரொம்ப நல்லா இருக்கு."

"வேற?"

"ஒரே ஒரு இடம்தான். அந்தக் குளிக்கிற சீன். நாலு நிமிஷம் ஒண்ணுமே நடக்கல. பசங்க உட்கார மாட்டாங்க. எங்க படத்துல ஒரு நிமிஷம் சும்மா இருந்தாக்கூட எடுக்கச் சொல்லிடுவாங்க. வெட்டிடு. முழுசா."

அவள் முகம் மாறியது. "பள்ளிக்கூடத்துல காட்டினப்போ பசங்க அசையாமதான் பாத்துதுங்க…"

"உங்க ஊரு பசங்க. அவங்களுக்கு இது தெரிஞ்ச விஷயம். தியேட்டர்ல வர்றவங்க வேற" என்றேன். குரலில் ஒரு அதிகாரம் வந்து உட்கார்ந்துகொண்டது. கண்ணாடிக் கட்டடத்து அதிகாரம்.

அவள் நோட்டை எடுத்து எழுதிக்கொண்டாள். பிறகு எல்லோரும் சாப்பிடக் கீழே போனோம். அன்று வஞ்சிரம் வறுத்திருந்தார்கள். நன்றாகச் சாப்பிட்டேன்.

பஸ்ஸில் திரும்பும்போது, அவள் வெட்ட மாட்டாள், பிடிவாதக்காரி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மூன்றாம் நாள் போனில் ஒரு வரி வந்தது: "எடுத்துட்டேன்டி. தேங்க்ஸ்."

எங்கள் யானை ஒரு பொங்கல் விடுமுறைக்கு வந்தது. செங்கல்பட்டில் ஒரு தியேட்டரில் போட்டிருந்தார்கள். அப்பா, அம்மா, என் கணவர், நாத்தனார் பிள்ளைகள் எல்லோரையும் அழைத்துக்கொண்டு போனேன். எங்களைத் தவிர இன்னும் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். யானை கடலுக்குள் இறங்கியபோது அம்மா, "அடேயப்பா, தண்ணி அப்படியே தண்ணி மாதிரியே இருக்கு" என்றாள். யானை கோயிலைக் கண்டுபிடித்தது. குரங்கு ஒரு ஜோக் அடித்தது. எல்லோரும் ஆடினார்கள். பன்னிரண்டாவது முடிவு அது, நான் வரையாதது. நாத்தனாரின் சின்னப் பெண் என் மடியில் தூங்கிப்போயிருந்தாள். வெளியே வந்ததும் அப்பா என் பெயர் திரையில் எங்கே வந்தது, சீக்கிரம் ஓடிவிட்டதே என்று கேட்டார். அடுத்த வெள்ளிக்கிழமை படத்தை எடுத்துவிட்டார்கள். கண்ணாடிக் கட்டடத்தில் இப்போது ஏதோ ஒரு உடற்பயிற்சிக்கூடம் இருக்கிறது.

நான் மறுபடியும் தொலைக்காட்சித் தொடர் வரைகிற வேலைக்குப் போனேன்.

கலருக்குப் போனதிலிருந்து ஒன்றரை வருடத்தில் அவள் படத்தை முடித்தாள். ஐந்தே பேர். எப்படி முடிந்தது என்று எல்லோரும் ஆச்சரியப்பட்டார்கள். எனக்குத் தெரியும். எங்கள் படத்தில் செய்ததில் பாதிக்கு மேல் குப்பைக்குப் போனது. அவள் கலரில் வரைந்த ஒவ்வொரு காட்சியும் திரைக்குப் போனது. குப்பைக்குப் போகவேண்டியதையெல்லாம் அவள் பென்சிலிலேயே அனுப்பிவிட்டிருந்தாள்.

கோடை விடுமுறையில் அந்தப் படம் நாலைந்து தியேட்டரில் வந்தது. இரண்டாம் வாரம் அது நாற்பது ஆயிற்று. யாரோ ஒரு டீச்சர் தன் வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய், அவர்கள் வெளியே வந்து பூனை மாதிரி வரிசையாக நடப்பதைப் போனில் எடுத்துப் போட்டிருந்தார். அது எல்லோர் போனுக்கும் வந்தது. எனக்கு மட்டும் ஆறு பேர் அனுப்பினார்கள்.

வீட்டில் கணவரிடம் பொரிந்து தள்ளினேன். அவர் மருத்துவக் கல்லூரியில் லேப் டெக்னீஷியன், அதிகம் பேசாதவர். "எல்லாம் நேரம்ங்க. அந்த வாரம் வரவேண்டிய பெரிய படம் தள்ளிப்போச்சு. அந்த டீச்சர் வீடியோ போட்டாங்க. அதுவும் லீவு நாள். லீவுல எதைப் போட்டாலும் ஓடும்" என்றேன்.

அவர் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "உங்க யானையும் லீவுலதானே வந்துது?" என்றார்.

இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

படத்தைப் பார்க்காமலே இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். மூன்றாம் வாரம் தனியாகப் போனேன். அதே செங்கல்பட்டு, அதே தியேட்டர். இந்தத் தடவை பின்வரிசையில்தான் இடம் கிடைத்தது. கூட்டத்தைப் பார்த்ததும் தாடை ஆரம்பித்துவிட்டது. எனக்கு ஒரு கெட்ட எதிர்பார்ப்பு இருந்தது. அந்த நான்கு நிமிடம் இல்லாத இடத்தில் படம் நொண்டும் என்று காத்திருந்தேன். நொண்டுவதைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கலாம்.

பள்ளிக்கூடக் காட்சி வந்தது. கதவருகில் அம்மா வந்து நிற்கிறாள். குளித்ததைக் காட்டவில்லை. தலை ஈரமாக இருக்கிறது, ஜாக்கெட்டின் முதுகில் ஈரம். விரல்கள் வெளுத்துச் சுருங்கியிருக்கின்றன. மகள் ஓடிவந்து அம்மாவின் கையைப் பிடிக்கிறாள். சட்டென்று நின்று, கையை மூக்குக்குக் கொண்டுபோய் முகர்கிறாள். நிமிர்ந்து அம்மாவைப் பார்க்கிறாள். அவ்வளவுதான்.

எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு ஆள், நல்ல வாட்டசாட்டமானவர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கிணற்றடியையும் எலுமிச்சம்பழத்தையும் ஒவ்வொருவரும் தாங்களே நினைத்துக்கொண்டார்கள். அந்த நான்கு நிமிடம் இருந்திருந்தால் இந்த இடம் இப்படி இருந்திருக்காது. முன்பே அழுதிருப்பார்கள்; இங்கே அழ மிச்சம் இருந்திருக்காது.

நான் கெடுக்க நினைத்தது நன்றாகிவிட்டது. அதைவிட மோசம், கடைசியில் பெயர்கள் வந்தபோது தனியாக, நடுவில், என் பெயர் வந்தது. நன்றி என்று போட்டிருந்தாள். என் யானையில் ஓடிப்போன பெயர் இங்கே நின்று நிதானமாக வந்தது.

ஒரு மாதம் பொறுத்தேன். அவள் எங்கே பேசினாலும் என்னைப் பற்றிச் சொன்னாள். "என் ஃபிரண்டு ஒருத்தி ஒரு சீனை வெட்டச் சொன்னா. அதனாலதான் படம் இப்படி வந்துது." ஒவ்வொரு தடவையும் யாராவது எனக்கு அதை அனுப்பிவைப்பார்கள். வாழ்த்துவார்கள்.

மாமல்லபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பாராட்டு விழா. கூப்பிட்டாள், போனேன். முடிந்ததும் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஹோட்டலில் தோசை சாப்பிட உட்கார்ந்தோம். அவள் கழுத்தில் போட்ட சால்வையை மடித்து மடியில் வைத்திருந்தாள். சட்னி வருவதற்குள் நான் சொல்லிவிட்டேன்.

"அந்தக் குளிக்கிற சீன். அது நீளமா இருக்குன்னு நான் வெட்டச் சொல்லல."

"பின்ன?"

"பொறாமையில சொன்னேன். அது ரொம்ப நல்லா இருந்துச்சு. அதான்."

தோசையைப் பிய்த்த கை அப்படியே நின்றது. "எவ்ளோ நல்லாருந்துச்சு?"

"நான் பார்த்ததிலேயே நல்ல சீன் அதுதான்."

பிய்த்த துண்டை அவள் தட்டிலேயே போட்டாள். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னாள். "எங்கம்மா தியேட்டர்ல பாத்துட்டு இன்னா கேட்டுச்சு தெரியுமா? 'நான் குளிக்கிறத எங்கடி காணோம்?'ன்னு கேட்டுச்சு. என் ஃபிரண்டு பெரிய படத்துல வேல செஞ்சவ, அவளுக்குத் தெரியும்மா, அவ வாணாம்னு சொன்னான்னு சொன்னேன். சரின்னு கேட்டுகிச்சு."

"ஆனா அது இல்லாமதான் அந்த ஸ்கூல் சீன்…"

"தெரியும்டி. எடுத்ததுதான் சரி. எனக்கு அது எடுத்த அன்னிக்கே தெரியும்." இப்போது நிமிர்ந்தாள். கண் சிவந்திருந்தது. "ஆனா நீ அதுக்காகச் சொல்லல இல்ல? எதுக்குடி இத இப்ப சொன்ன? நான்பாட்டுக்கு நல்லாத்தான இருந்துகினு இருந்தேன்?"

மனசாட்சி என்று சொல்லியிருக்கலாம். ஆனால் யோசித்துப் பார்த்தால் அதிலும் கொஞ்சம் பொறாமை இருந்தது. அவளுடைய சந்தோஷத்தில் ஒரு கீறல் போடாமல் எனக்குத் தோசை இறங்கவில்லை. அவள் பாதித் தோசையோடு எழுந்து கையைக் கழுவிக்கொண்டு, சதுரங்கப்பட்டினம் போகிற பஸ்ஸில் ஏறிவிட்டாள். சால்வையை மறந்து நாற்காலியிலேயே விட்டுவிட்டாள். நான் அதை எடுத்துக்கொண்டு ஓடினேன். பஸ் கிளம்பியிருந்தது.

ஏழு மாதம் பேச்சில்லை. தீபாவளிக்கு ஒரு வாழ்த்து அனுப்பினேன். பார்த்தாள் என்று நீலக் குறி காட்டியது. அவ்வளவுதான். அந்த ஏழு மாதத்தில் அவள் படம் வெளிநாட்டுக்கெல்லாம் போனது. செய்தி வரும்போதெல்லாம் தாடை வலித்தது. சண்டை போட்டுக்கொண்டால் பொறாமை போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பிறகு ஒரு நாள், நான் ஆபீஸில் இருக்கும்போது, மெசேஜ் வந்தது. "புதுப் படத்தோட அனிமேட்டிக் ரெடி. சனிக்கிழம வா. பாத்துட்டுச் சொல்லு. பொறாம வந்தா அதையும் சொல்லு."

அந்தக் கடைசி வரியைக் கழிவறையில் நின்றுகொண்டு நாலைந்து தடவை படித்தேன். கோபமா, கிண்டலா, மன்னிப்பா என்று தெரியவில்லை. இப்போதும் தெரியவில்லை. சால்வையைத் துவைத்து எடுத்துக்கொண்டு போனேன்.

வீட்டு மாடியில் இப்போது ஒன்பது மேஜை. அவள் அம்மா என்னைப் பார்த்ததும், "இன்னாமா, எளச்சிப் போயிட்ட" என்றார். மகள் அவரிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை என்று அதிலேயே தெரிந்தது. சொல்லியிருந்தால் என்னால் அந்தப் படியேற முடிந்திருக்காது.

புதுக் கதை கோவளத்துக்கு மேற்கே இருக்கிற உப்பளத்தில் வேலை செய்கிற அக்கா தங்கை இருவரைப் பற்றியது. ஓடும்போது அவள் திரையைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், நோட்டும் பென்சிலுமாக. முடிந்ததும் மற்றவர்களை டீ குடிக்க அனுப்பிவிட்டு எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"எங்க போரடிக்குது?"

சொன்னேன். நடுவில் ஒரு கல்யாணக் காட்சி, எதற்கு வருகிறது என்றே தெரியவில்லை. முடிவு சீக்கிரம் முடிந்துவிடுகிறது. அக்கா ஏன் திரும்பி வருகிறாள் என்று புரியவில்லை. யானைப் படத்து மேஜையில் சொல்லியிருக்கவேண்டியவை மாதிரியான விஷயங்கள். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள்.

"செரி. எங்க எரியுது?"

அதைச் சொல்வது கஷ்டமாக இருந்தது. "தங்கச்சி உள்ளங்கையில உப்பை வச்சிக்கிட்டு அக்காவைத் திரும்பிப் பாக்குறா இல்ல? அங்க."

பென்சிலால் அந்த நிமிடத்தைக் குறித்துக்கொண்டாள். "அப்புறம்?"

"மழை வந்து உப்பு கரையற இடம். அப்புறம் அந்த லாரிக்காரன் ஒண்ணும் பேசாம கதவைத் திறந்து விடுறது."

"அப்ப இதெல்லாம் இருக்கணும்ன்றியா?"

"அப்படிச் சொல்ல முடியாது. போன தடவை எரிஞ்ச இடத்தை எடுத்ததுனாலதான நல்லா வந்துது."

"அத நான் பாத்துக்கறேன்" என்றாள். "நீ எங்க எரியுதுன்னு மட்டும் சொல்லு."

அன்றிலிருந்து பதினைந்து நாளுக்கு ஒரு சனிக்கிழமை போய்வருகிறேன். பழைய மாதிரி இல்லை. ரயிலில் தோளில் சாய்ந்து தூங்கியவள் இப்போது எனக்கு எதிரில், மேஜைக்கு அந்தப் பக்கம்தான் உட்காருகிறாள். பரவாயில்லை. போன சனிக்கிழமை எரிகிற இடங்கள் மொத்தம் நான்கு சொன்னேன். எல்லாவற்றையும்விட அதிகமாக எரிந்தது ஐந்தாவதாக ஒன்று இருந்தது. இரண்டு சகோதரிகளும் சண்டைக்குப் பிறகு ஒரே குடத்துத் தண்ணீரில் ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டிக்கொண்டு கால் கழுவுகிற இடம். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "அவ்ளோதானா?" என்று அவள் இரண்டு தடவை கேட்டாள். அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டுச் செங்கல்பட்டு பஸ் ஏறிவிட்டேன்.